சி டிரைவ் நிறைஞ்சிருச்சு, டி-யில் இடம் சும்மா கிடக்கு: எந்த இலவச பார்ட்டிஷன் சாஃப்ட்வேரை நம்பலாம்?

மேலூர் டிடிபி:

வணக்கம். மேலூரில் டிடிபி சென்டர் வச்சிருக்கேன். கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ் டிசைன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான் ஓடுது. விண்டோஸ் 11, 480 ஜிபி எஸ்எஸ்டி. வாங்கும்போதே சி-க்கு 100 ஜிபி, மிச்சம் முழுக்க டி-க்குன்னு ரெண்டு பார்ட்டிஷனாப் பிரிச்சுக் கொடுத்துட்டாங்க. இப்ப சி-யில் 3 ஜிபிதான் மிச்சம், சிவப்புக் கோடு காட்டுது. போட்டோஷாப்பில் பெரிய ஃப்ளெக்ஸைத் திறந்தா ஸ்க்ராட்ச் டிஸ்க் (அது தற்காலிகமா எழுதி வைக்கிற இடம்) நிறைஞ்சிருச்சுன்னு சொல்லி நின்னுருது.

டி-யில் பாதிக்கு மேல் காலி. டிஸ்க் மேனேஜ்மென்ட் போய் டி-யை ஷ்ரிங்க் பண்ணி, அதாவது சுருக்கி, 100 ஜிபி எடுத்துட்டேன். 'அன்அலகேட்டட்'னு கறுப்புப் பட்டையோட தனியா நிக்குது. ஆனா சி மேல ரைட் கிளிக் பண்ணினா 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலா இருக்கு, அழுத்த முடியலை. இலவச சாஃப்ட்வேர்னு தேடினா ஏகப்பட்டது வருது. மினிடூல், ஈஸ்யூஎஸ், ஏஓஎம்இஐ, ஜிபார்ட்டெட். எதைப் போட்டா டி-யில் இருக்கிற பத்திரிகை ஃபைல் ஒண்ணும் போகாது? அது எல்லாம் பல வருஷ வேலை.

காளவாசல் ஸ்டூடியோ:

அண்ணே, மினிடூல் பார்ட்டிஷன் விசார்ட் ஃப்ரீ போடுங்க. எங்க ஸ்டூடியோ எடிட்டிங் மெஷினில் அதை வச்சுத்தான் சி-யைப் பெருசாக்கினோம். படத்தில் இருக்கிற பட்டையை மவுஸால் இழுத்து விட்டு 'அப்ளை' கொடுக்க வேண்டியதுதான். பார்ட்டிஷன்னா என்னன்னே தெரியாத பையன்கூட பண்ணிருவான்.

திருநகர் லினக்ஸ்:

மினிடூல் நல்ல கருவிதான், மறுக்கலை. ஆனா மேலூர் அண்ணன் வச்சிருக்கிறது கடை. மினிடூலின் இலவசப் பதிப்பு வீட்டுச் சொந்த உபயோகத்துக்கு மட்டும்னு அவங்க விதியிலேயே இருக்கு, கடைக்குன்னா காசு கட்டிய பதிப்புதான். இந்த வகை சாஃப்ட்வேர் எதுவா இருந்தாலும் உரிம விதியைப் படிக்காம கடை மெஷினில் போடாதீங்க.

ஜிபார்ட்டெட்டில் அந்தப் பிரச்சினையே இல்லை. ஜிபிஎல் உரிமம், வீடோ கடையோ பள்ளிக்கூடமோ யாரும் போடலாம். அதில் காசு கட்டினாத்தான் திறக்கும்னு ஒரு மெனுகூட கிடையாது. ரூஃபஸ்னு ஒரு சின்ன இலவச சாஃப்ட்வேர் வச்சு பென் டிரைவில் எழுதி, அதில் இருந்தே பூட் பண்ணி வேலை பார்க்கணும். விண்டோஸ் முழுசா மூடியிருக்கும்போது வேலை நடக்கிறதால 'ஃபைல் உபயோகத்தில் இருக்கு' என்ற தகராறும் வராது.

ஆரப்பாளையம் சர்வீஸ்:

மேலூர் தம்பி, சாஃப்ட்வேர் பேரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி டிஸ்க் மேனேஜ்மென்டில் கீழ் பாதியைப் பாருங்க. டிஸ்க் 0-க்கு எதிரே இடமிருந்து வலமா என்னென்ன கட்டம் இருக்கு, எது எவ்வளவு? அதை அப்படியே எழுதுங்க. டி-யில் நிஜமா எத்தனை ஜிபி ஃபைல் இருக்கு? வெளியில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் இருக்கா? இது தெரியாம எந்த சாஃப்ட்வேரையும் சொல்ல மாட்டேன்.

மேலூர் டிடிபி:

முதல்ல 100 எம்பி, இஎஃப்ஐ-ன்னு இருக்கு. அடுத்து சி, 100 ஜிபி. அதுக்கப்புறம் பேர் இல்லாம 530 எம்பி, 'ரெக்கவரி பார்ட்டிஷன்'னு போட்டிருக்கு. அடுத்து டி, இப்ப 246 ஜிபி. கடைசியில் கறுப்புப் பட்டை 100 ஜிபி. டி-யில் ஃபைல் 150 ஜிபி இருக்கும். எக்ஸ்டர்னல் 1 டிபி ஒண்ணு இருக்குங்கண்ணே, பழைய போட்டோ கொஞ்சம் போட்டு வச்சிருக்கேன், நிறைய காலி.

ஆரப்பாளையம் சர்வீஸ்:

இப்பப் புரியுது. நம்ம மனையை ஒட்டிக் கிடக்கிற இடத்தைத்தான் நம்ம வீட்டோட சேர்த்துக் கட்ட முடியும். நீங்க வாங்கின காலி இடம் ரெண்டு வீடு தள்ளித் தெருக்கோடியில் இருக்கு. விண்டோஸ் சொந்தக் கருவி ஒரு பார்ட்டிஷனை நீட்டணும்னா, அதுக்கு வலப்பக்கத்தில் ஒட்டினாப்புல காலி இடம் வேணும். உங்களுக்கு சி-க்கு அடுத்து ரெக்கவரி, அதுக்கு அடுத்து டி, அதையும் தாண்டித்தான் காலி. அதனால்தான் 'எக்ஸ்டெண்ட்' மங்கலா இருக்கு. டி-யை இன்னும் எவ்வளவு சுருக்கினாலும் அது தெளியாது, ஏன்னா ஷ்ரிங்க் எப்பவும் வலக்கடைசியில் இருந்துதான் வெட்டி எடுக்கும்.

மினிடூல், ஈஸ்யூஎஸ், ஏஓஎம்இஐ, ஜிபார்ட்டெட், எதைப் போட்டாலும் உள்ளே நடக்கப்போறது ஒண்ணுதான்: டி-யை அப்படியே வலப்பக்கம் அங்கிட்டு நகர்த்தணும். திரையில் பட்டையை இழுக்கிறது ஒரு நொடி. ஆனா வட்டில் ஒவ்வொரு செக்டாரா, அதாவது சின்னச் சின்னத் துண்டா, படிச்சு, 100 ஜிபி தள்ளி எழுதணும். ஜிபார்ட்டெட் நகர்த்தும்போது ஃபைல் இருக்கிற இடம், காலி இடம்னு பார்க்காது, பார்ட்டிஷன் முழு நீளத்தையும் நகர்த்தும். உங்களுக்கு 246 ஜிபி. எஸ்எஸ்டி என்பதால் பரவாயில்லை, பழைய சுத்துற ஹார்டு டிஸ்க்கா இருந்தா ஒரே வட்டில் படிச்சு அதே வட்டில் எழுத மணிக்கணக்கில் ஆகும்.

அந்த நேரத்தில் கரண்ட் போனா? நம்ம பக்கம் மாசாந்திரப் பராமரிப்புக்கு மின்தடைன்னு பேப்பரில் முன்கூட்டியே போட்டுருவாங்க, அது தெரிஞ்ச கட். காத்தடிச்சா போற கரண்டை யாரும் சொல்லிட்டு நிறுத்துறதில்லை. பாதி நகர்ந்த பார்ட்டிஷனில் பாதி பழைய இடத்தில், பாதி புது இடத்தில் கிடக்கும். டெஸ்ட்டிஸ்க் மாதிரி நல்ல இலவச மீட்புக் கருவி இருக்கு, ஆனா எந்தப் பார்ட்டிஷன் எங்க இருக்குன்னு சொல்ற பார்ட்டிஷன் டேபிள் தொலைஞ்சா அது தேடிக் கொடுக்கும், பாதியில் அறுந்த நகர்த்தலைத் தைக்காது. எங்க பெஞ்சுக்கு அப்படி வர்ற மெஷினைத் திறந்து பார்த்துட்டு உரியவர்கிட்ட பதில் சொல்றது எனக்கு ரொம்பக் கஷ்டமான வேலை.

உங்ககிட்ட எக்ஸ்டர்னல் இருக்கு. நகர்த்தவே வேண்டாம். டி-யை முழுசா வெளியில் எடுங்க, டி-யை அழிங்க, சி-யை நீட்டுங்க, டி-யைப் புதுசா உண்டாக்கி ஃபைலைத் திரும்ப வைங்க. இதுக்கு எந்த சாஃப்ட்வேரும் டவுன்லோடு பண்ண வேண்டியதில்லை.

காளவாசல் ஸ்டூடியோ:

சர்வீஸ் அண்ணே, 150 ஜிபியை வெளியே எடுத்துத் திரும்ப வைக்கிறதுக்கு இழுத்து விடுறதே மேல் இல்லையா? எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே.

ஆரப்பாளையம் சர்வீஸ்:

ஆகாமப் போறதுதான் அதிகம் தம்பி, ஒத்துக்கிறேன். ஆனா நகர்த்துறதுக்கு முன்னாடி எப்படியும் பேக்கப் எடுக்கணும்னு அந்த சாஃப்ட்வேர்காரங்களே சொல்றாங்க. பேக்கப்னு 150 ஜிபியை வெளியே எடுத்தாச்சுன்னா பாதி வேலை முடிஞ்சது. அதுக்கப்புறம் டி-யை நகர்த்துறதில் என்ன லாபம்? அழிச்சு உண்டாக்குறது நொடியில் முடியும்.

எக்ஸ்டர்னல் இல்லாதவங்க, டி-யில் பல டிபி இருக்கிறவங்க, அவங்களுக்கு நகர்த்தல்தான் வழி. அப்பதான் இந்த சாஃப்ட்வேர் ஒப்பீடே தேவைப்படுது.

மேலூர் டிடிபி:

சரிங்கண்ணே, உங்க வழியிலேயே போறேன். நடுவில் அந்த 530 எம்பி ரெக்கவரி இருக்கே, டி-யை அழிச்சாலும் அது சி-க்கும் காலி இடத்துக்கும் நடுவில்தானே நிக்கும்?

ஆரப்பாளையம் சர்வீஸ்:

சரியாப் பிடிச்சீங்க. பல பேர் அங்கதான் சிக்கிக்கிறாங்க. டிஸ்க் மேனேஜ்மென்டில் அதை ரைட் கிளிக் பண்ணினா அழிக்கிற வசதியே வராது. வரிசையாச் சொல்றேன், வரிசை மாத்தாதீங்க.

முதல்ல டி-யில் எல்லாத்தையும் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்க. எத்தனை ஃபைல், எத்தனை ஃபோல்டர்னு எண்ணிக்கை வரும், எழுதி வச்சுக்கங்க. மறைஞ்சிருக்கிற ஃபைலும் தெரியற மாதிரி வச்சுட்டுப் பாருங்க. எக்ஸ்டர்னலில் ஒரே ஃபோல்டரில் காப்பி பண்ணிட்டு அங்கேயும் அதே எண்ணிக்கை வருதான்னு பாருங்க. வந்தாலும் போதாது. பழைய பத்திரிகை ஃபைல், புது ஃப்ளெக்ஸ் ஃபைல்னு கலந்து எக்ஸ்டர்னலில் இருந்தே நாலஞ்சைத் திறந்து பாருங்க. அப்புறம் எக்ஸ்டர்னலைக் கழட்டி டிராயரில் வைங்க. அடுத்த வேலை நடக்கும்போது அது மெஷினில் மாட்டியிருக்கவே கூடாது.

டி-யில் ஏதாவது ப்ரோகிராம் இன்ஸ்டால் ஆகியிருக்கா, பேஜிங் ஃபைலை (ரேம் பத்தாதப்ப விண்டோஸ் எடுத்துக்கிற ஃபைல்) டி-யில் வச்சிருக்கீங்களான்னும் பாருங்க. இருந்தா முதல்ல அதைச் சரி பண்ணணும்.

அடுத்து ரெக்கவரி. கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராத் திறந்து ரீஏஜென்ட்சி கட்டளையை டிஸேபிள் போட்டுக் கொடுங்க (reagentc /disable). ரிப்பேருக்குத் தேவையான வின்ஆர்இ ஃபைல் அந்த 530 எம்பி-யை விட்டுட்டு சி-க்குள்ள வந்து உட்காரும். வெற்றின்னு வந்தாத்தான் மேற்கொண்டு போகணும். சி-யில் 3 ஜிபி இருக்கே, அது போதும்.

இப்ப அதே கமாண்ட் ப்ராம்ப்டில் டிஸ்க்பார்ட்னு அடிங்க, அது விண்டோஸின் சொந்தப் பார்ட்டிஷன் கருவி. தப்பு நடந்தா இங்கதான் நடக்கும், அதனால பைய பண்ணுங்க. லிஸ்ட் டிஸ்க் கொடுத்து 447 ஜிபி காட்டுறது எதுன்னு பார்த்து அதைத் தேர்ந்தெடுங்க. 480-ன்னு விக்கிற எஸ்எஸ்டி விண்டோஸ் கணக்கில் 447-தான். லிஸ்ட் பார்ட்டிஷன் கொடுத்து, ரெக்கவரின்னு வகை போட்டு 530 எம்பி காட்டுற எண்ணைத் தேர்ந்தெடுங்க. அப்புறம் டிலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைட் (delete partition override) கொடுங்க. 'க்ளீன்' என்ற கட்டளையை மறந்தும் அடிக்காதீங்க, அது அந்த டிஸ்க்கின் பார்ட்டிஷன் டேபிளையே துடைச்சுரும்.

இனி டிஸ்க் மேனேஜ்மென்டே போதும். டி-யை டிலீட் வால்யூம். சி-க்கு ஒட்டி முழுக்க காலி. இப்ப 'எக்ஸ்டெண்ட்' தெளிஞ்சு வரும். 100 ஜிபி சேர்த்து 200 ஆக்குங்க. மிச்சத்தில் புது வால்யூம், எழுத்து டி-ன்னே கொடுங்க. எழுத்து மாறினா கோரலிலும் போட்டோஷாப்பிலும் லிங்க் ஆன படம் ஒண்ணும் கிடைக்காது. கடைசியா ரீஏஜென்ட்சி எனேபிள் (reagentc /enable). தனி ரெக்கவரி பார்ட்டிஷன் இல்லைன்னா வின்ஆர்இ சி-யிலேயே இருந்து வேலை பார்க்கும்.

திருநகர் லினக்ஸ்:

ஒரு சேர்க்கை. தனி ரெக்கவரி வேணும்னு நினைக்கிறவங்க அதை 1 ஜிபி அளவில் வைங்க. 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் 10 அப்டேட் பல மெஷினில் பிழை எண் காட்டி நின்னதுக்குக் காரணமே ரெக்கவரி பார்ட்டிஷனில் இடம் இல்லாததுதான். அதில் 250 எம்பி காலி வேணும்னு மைக்ரோசாஃப்ட் சொல்லி, பெருசாக்குற முறையையும் வெளியிட்டாங்க. அந்த முறையும் சர்வீஸ் அண்ணன் சொன்ன அதே ரீஏஜென்ட்சி, டிஸ்க்பார்ட்தான்.

மேலூர் டிடிபி:

முடிஞ்சதுங்கண்ணே. சி 200 ஜிபி. ஃபைல் எண்ணிக்கை ரெண்டு பக்கமும் ஒண்ணா வந்த பிறகுதான் டி-யைத் தொட்டேன். இப்ப டி-யில் திரும்ப ஏறிட்டு இருக்கு. ரொம்ப நன்றி. போட்டோஷாப் ஸ்க்ராட்ச் டிஸ்க்கை டி-க்கு மாத்தலாமா?

ஆரப்பாளையம் சர்வீஸ்:

தாராளமா. ப்ரிஃபரன்ஸஸில் ஸ்க்ராட்ச் டிஸ்க்ஸ்னு இருக்கும், டி-யை டிக் பண்ணுங்க. டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் ப்ராப்பர்ட்டீஸில் லொகேஷன் போய் டி-க்கு நகர்த்திருங்க. சி நிறைஞ்சிருச்சுன்னு வர்ற பல பேருக்கு இவ்வளவு பண்ணினாலே போதும், பார்ட்டிஷனையே தொட வேண்டியதில்லை. எக்ஸ்டர்னலில் இருக்கிற காப்பியை அழிச்சுராதீங்க. டி-ன்னு தனியா இருக்கிறதால அது பேக்கப் ஆகாது. எஸ்எஸ்டி செத்தா சி-யும் டி-யும் ஒண்ணாத்தான் போகும்.

காளவாசல் ஸ்டூடியோ:

அண்ணே, அப்ப நகர்த்தியே ஆகணும்னு இருக்கிறவங்களுக்கு எதைச் சொல்வீங்க? எங்ககிட்ட கல்யாண வீடியோ ஹார்டு டிஸ்க் நிறைய இருக்கு. இன்னொண்ணு, புதுசா வாங்கின 4 டிபி டிஸ்க்கில் 2 டிபி-க்கு மேல பார்ட்டிஷன் போடவே விட மாட்டேங்குது.

ஆரப்பாளையம் சர்வீஸ்:

4 டிபி-யை முதல்ல சொல்லிடுறேன், அது சுலபம். டிஸ்க் எம்பிஆர்ங்கிற பழைய பார்ட்டிஷன் டேபிள் முறையில் இருக்கு. அதில் 2 டிபி-க்கு மேல எண்ணவே முடியாது. டிஸ்க் மேனேஜ்மென்டில் 2048 ஜிபி தனியா, மிச்சம் தனியாக் காட்டும். டிஸ்க் காலியா இருக்கும்போதே பார்ட்டிஷனை அழிச்சுட்டு, இடப்பக்கம் 'டிஸ்க் 1'னு எழுதியிருக்கிற கட்டத்தில் ரைட் கிளிக் பண்ணி ஜிபிடி-ங்கிற புது முறைக்கு மாத்துங்க. டேட்டா ஏறிட்டா அந்த மெனு மங்கிரும்.

நகர்த்தலுக்கு வர்றேன். வீட்டு மெஷின், விண்டோஸ் மட்டும், இங்கிலீஷ் மெனுவைப் பார்த்தா பயப்படுற ஆள்னா மினிடூல் நல்லாவே இருக்கு. ஈஸ்யூஎஸ், ஏஓஎம்இஐ ரெண்டும் ஏறக்குறைய அதே வேலைதான். மூணிலும் நீங்க இழுக்கிறது முதல்ல வரிசையில் நிக்கும், 'அப்ளை' கொடுக்கிற வரைக்கும் வட்டில் ஒண்ணும் மாறாது. அது நல்ல பழக்கம். ஆனா விண்டோஸை அப்படியே புது எஸ்எஸ்டி-க்கு மாத்துற வேலை பெரும்பாலும் காசு கட்டிய பதிப்பில்தான். அதை நம்பி இலவசத்தை இறக்காதீங்க. அந்த வேலைக்கு குளோன்ஸில்லா இருக்கு, முழு இலவசம், முகம் கொஞ்சம் கரடுமுரடு. மேக்ரியம் ரிஃப்ளெக்ட் ஃப்ரீயைப் பழைய வீடியோ பார்த்துத் தேடுறவங்களுக்கு: அந்த இலவசப் பதிப்பை நிறுத்திட்டாங்க, 2024 தொடக்கத்தோட பாதுகாப்புத் திருத்தமும் நின்னுருச்சு.

கிராக் பதிப்பு மட்டும் வேண்டாம். வட்டின் ஒவ்வொரு செக்டாரையும் தொடுற அதிகாரத்தை யார் செஞ்சான்னு தெரியாத ஃபைல் கையில் கொடுக்கக் கூடாது.

என் கை போறது ஜிபார்ட்டெட்டுக்குத்தான். 2004-லிருந்து இருக்கு, விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ் பார்ட்டிஷனும் லினக்ஸ் பார்ட்டிஷனும் ஒரே திரையில் தெரியும். நகர்த்துறதுக்கு முன்னாடி டி-யை முடிஞ்ச அளவு சுருக்கிட்டு அப்புறம் நகர்த்துங்க, கடத்த வேண்டிய நீளம் குறையும். அதில் ஒரு ஆச்சரியக்குறி வந்து விண்டோஸ் பார்ட்டிஷனைத் தொட விடலைன்னா அதை மீறி வழி தேடாதீங்க. விண்டோஸ் முழுசா மூடலைன்னு அர்த்தம். விண்டோஸ் 8-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு இருக்கு, ஷட்டவுன் கொடுத்தாலும் பாதித் தூக்கத்தில்தான் போகும். பவர் ஆப்ஷன்ஸில் அதை ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஷட்டவுன் பண்ணுங்க. டெஸ்க்டாப்னா யுபிஎஸ், லேப்டாப்னா பேட்டரி நிறைஞ்சு சார்ஜரும் மாட்டியிருக்கணும். ஸ்டூடியோ டிஸ்க்குகளை மாலையில் தொடங்கி ராத்திரி ஓட விட்டுட்டுப் போகாதீங்க, பக்கத்தில் ஆள் இருக்கிற நேரமாப் பாருங்க.

திருமங்கலம் மாணவி:

அண்ணா, புது லேப்டாப், 512 ஜிபி முழுக்க சி-தான். ப்ராஜெக்டுக்கு டி வேணும். ஜிபார்ட்டெட் பென் டிரைவ் போட்டுப் பார்த்தேன், சி-யை பிட்லாக்கர்னு காட்டுது, சுருக்க விடலை. நான் எந்த லாக்கும் போடலையே?

திருநகர் லினக்ஸ்:

நீங்க போடலைம்மா, விண்டோஸே போட்டிருக்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் லாகின் பண்ணி லேப்டாப்பைத் தொடங்கினா டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்க்கையே பூட்டி வைக்கிற வசதி, பிட்லாக்கர்தான்) தானா ஆன் ஆயிரும், விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் இருந்து இது இன்னும் பரவலா ஆயிருச்சு. பூட்டின பெட்டிக்குள்ள என்ன எங்க இருக்குன்னு ஜிபார்ட்டெட்டுக்குத் தெரியாது, அதனால தொடாது. அப்படி விலகி நிக்கிறதுதான் சரி. இங்க விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்தான் உங்களுக்கு ஏத்தது, பூட்டைத் திறக்காமலே ஷ்ரிங்க் பண்ணும்.

ஆரப்பாளையம் சர்வீஸ்:

அதுக்கு முன்னாடி பாப்பா, உன் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் போய் அந்த லேப்டாப்புக்கான ரெக்கவரி கீ இருக்கான்னு பாரு. 48 இலக்கம். அதை லேப்டாப்பிலேயே சேமிச்சு வைக்காத, நோட்டில் எழுதி வை. பென் டிரைவில் பூட் பண்ண பயாஸில் செக்யூர் பூட்டை மாத்தியிருந்தா, அடுத்த தடவை விண்டோஸ் அந்தக் கீயைக் கேட்கலாம். கீ இல்லைன்னா உள்ள இருக்கிறதை நானும் எடுத்துக் கொடுக்க முடியாது, வேற யாராலும் முடியாது.

திருமங்கலம் மாணவி:

கீ இருக்கு அண்ணா, எழுதிட்டேன். ஷ்ரிங்க் பண்ணப் போனா பாதி அளவுக்குத்தான் விடுது. 400 ஜிபி காலியா இருக்கே?

ஆரப்பாளையம் சர்வீஸ்:

நடுவில் நகர்த்த முடியாத ஃபைல் உட்கார்ந்திருக்கும். பேஜிங் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோர் காப்பி, என்.டி.எஃப்.எஸ்-ஸின் சொந்த அட்டவணை. விண்டோஸ் ஓடிட்டு இருக்கும்போது அதுக்கு இந்தப் பக்கம் வரைக்கும்தான் சுருக்க முடியும். முதல் மூணையும் கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணி, ரீஸ்டார்ட் பண்ணி ஷ்ரிங்க் கொடுத்தா இன்னும் கிடைக்கலாம், முடிஞ்சதும் திரும்ப ஆன் பண்ணிரணும். ஆனா ப்ராஜெக்டுக்குப் பாதியே தாராளம். 200 ஜிபி எடுத்துக்கிட்டு நிறுத்திக்க. சி குறுகிப் போய் நிக்கிற மெஷின்தான் எங்ககிட்ட அதிகம் வருது.

உசிலை வாத்தியார்:

நல்ல விவரமான பேச்சு. எங்க மாணவர் ஒருத்தர் வீட்டில் பழைய அரசு லேப்டாப், விண்டோஸ் 7-ம் பாஸ் (BOSS) லினக்ஸும் சேர்ந்தது. தம்பி படிக்கக் கேக்கிறான். லினக்ஸ் பார்ட்டிஷனை அழிச்சு விண்டோஸுக்கு இடம் சேர்க்கலாமான்னு கேட்டாங்க.

ஆரப்பாளையம் சர்வீஸ்:

அழிச்சுராதீங்க சார். மெஷினைத் தொடங்கி வைக்கிற க்ரப் லினக்ஸ் பக்கம்தான் இருக்கு. விண்டோஸுக்குள்ள இருந்து அந்தப் பார்ட்டிஷனை அழிச்சா அடுத்த தடவை கறுப்புத் திரையில் 'க்ரப் ரெஸ்க்யூ'ன்னு நிக்கும். விண்டோஸ் டிவிடி போட்டு பூட்ரெக் கட்டளையில் எம்பிஆரைச் சரி பண்ணினாத்தான் திரும்ப வரும்.

அதைவிட, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓட ஆதரவு முடிஞ்சிருச்சு. படிக்கிற பையன் இன்டர்நெட் போறதுக்கு அது வேண்டாம். திருநகர் தம்பி, எடை குறைஞ்ச லினக்ஸ் ஒண்ணு சொல்லுங்க, முழு டிஸ்க்கிலும் அதையே போட்டுரலாம்.

திருநகர் லினக்ஸ்:

சார், லுபுண்டு இல்லைன்னா லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. ரேம் 2 ஜிபிதான்னா இன்னும் 2 ஜிபி சேர்த்துட்டுப் போடுங்க. பென் டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்க்கலாம், அதில் வைஃபையும் சவுண்டும் வேலை செய்யுதான்னு பார்த்த பிறகு இன்ஸ்டால் கொடுங்க. அந்த வீட்டு போட்டோ, சர்டிஃபிகேட் ஸ்கேன் ஏதாவது விண்டோஸ் பக்கம் இருந்தா முதல்ல வேற பென் டிரைவில் எடுத்துருங்க. 'முழு டிஸ்க்கையும் அழி'ன்னு டிக் பண்ணினா பார்ட்டிஷன் பிரிக்கிறதை இன்ஸ்டாலரே பார்த்துக்கும். சனிக்கிழமை மாட்டுத்தாவணி பக்கம் வருவேன், வேணும்னா பென் டிரைவ் எழுதியே கொண்டாந்து தர்றேன்.